படத்தில் அம்மா எங்கே?

பட்டணத்துக்குப் போன பிள்ளை முன்பு கடிதம் போட்டான். இப்போது படம் போடுகிறான்.

கடிதம் வர வேண்டுமானால் தபால்காரர் வர வேண்டும். படத்துக்கு யாரும் வர வேண்டியதில்லை. சென்னையில் எடுத்த படம் அடுத்த நிமிஷமே செட்டிகுளத்துத் திண்ணைக்கு வந்துவிடுகிறது.

கடற்கரையில் நிற்கிறான். ஊட்டியில் குல்லாய் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். ஓட்டலில் பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். சினேகிதன் கல்யாணத்தில், ஒரே நிறச் சட்டை போட்ட பத்துப் பேரில் ஒருவனாக நிற்கிறான்.

தாய் பார்க்கிறாள். தங்கை பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்க்கிறார். "பையன் நன்றாக இருக்கிறான்" என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் படங்களைப் பற்றி யோசிக்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

ஊரும் பட்டணமும்

செட்டிகுளம் பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள ஊர். ஊருக்குள் ஏகாம்பரேசுவரர் கோவில். குன்றின் மேல் தண்டாயுதபாணி கோவில். அங்கே முருகன் கையில் கரும்போடு காட்சி தருகிறார். பங்குனி உத்திரம் வந்தால் கூட்டம் தாங்காது. சுற்றிலும் உள்ள வயல்களில் சின்ன வெங்காயம் விளைகிறது.

மழையை நம்பியும் கிணற்றை நம்பியும் விவசாயம் நடக்கும் பகுதி இது. வெங்காயம் ஒரு வருஷம் தங்கம் விலை விற்கும். மறு வருஷம் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது. அதனால் படித்த பிள்ளைகள் வெளியே போகிறார்கள். சென்னை, கோவை, திருப்பூர், பெங்களூர் என்று வேலை தேடிப் போகிறார்கள். சிலர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறார்கள்.

போன இடத்தில் ஒரு சின்ன அறை. அதில் நாலைந்து பேர். ஆறு நாள் வேலை. ஒரு நாள் ஓய்வு. அந்த ஒரு நாளில்தான் மெரினாவும் மகாபலிபுரமும். இரண்டு நாள் சேர்ந்து லீவு கிடைத்தால் புதுச்சேரி, ஏற்காடு, கொடைக்கானல்.

போகிற இடமெல்லாம் படம் எடுக்கிறார்கள். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறார்கள்.

"வேலைக்குப் போனானா, ஊர் சுற்றப் போனானா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி சரியல்ல. ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் கடல் பார்ப்பது குற்றமா? பழைய சினேகிதனோடு நாலு வார்த்தை பேசிச் சிரிப்பது பாவமா? ஊரை விட்டு வந்த பிள்ளைக்குச் சினேகிதர்கள்தான் பட்டணத்தில் உறவினர்கள். காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வாங்கி வருகிறவன் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன்தான். அவனோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

கடன் வாங்கிய கோட்டு

படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது புது வழக்கமும் அல்ல.

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் தமிழர்கள் பிழைக்கப் போன காலத்திலேயே இது உண்டு. கையில் நாலு காசு சேர்ந்ததும் ஸ்டூடியோவுக்குப் போவார்கள். சீலையில் தீட்டிய மாளிகையும் பூந்தோட்டமும் பின்னால் தொங்கும். பக்கத்தில் ஒரு மேஜை. மேஜை மேல் ஒரு பூச்சாடி.

கோட்டு இல்லாதவனுக்கு ஸ்டூடியோக்காரரே கோட்டுக் கொடுப்பார். கைக்கடிகாரமும் கொடுப்பார். படம் எடுத்து முடிந்ததும் இரண்டையும் திருப்பி வாங்கிக்கொள்வார்.

படம் ஊருக்கு வரும். "மகன் கோட்டுப் போடுகிற நிலைக்கு வந்துவிட்டான்" என்று தகப்பனார் பூரித்துப் போவார். கோட்டு இரவல் என்பது அவருக்குத் தெரியாது.

இன்றைய பிள்ளை இரவல் கோட்டுப் போடவில்லை. சினேகிதனின் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்!

ஆனால் ஒன்று. அந்தக் காலத்தில் படம் என்பது குடும்பத்து விஷயம். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஸ்டூடியோவுக்குப் போவார்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆனால் தூக்கிக்கொண்டு போவார்கள். பாட்டியை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்து, மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லோரும் சுற்றி நிற்பார்கள். அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், வீட்டுச் சுவரில் ஐம்பது வருஷம் தொங்கும்.

ஒரே ஒரு படம். அதில் ஒரு குடும்பமே இருந்தது.

இப்படிப்பட்ட பழைய படங்களின் மதிப்பை ஆராய்ச்சியாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடிப் பிரதி எடுத்துப் பாதுகாத்தார்கள். 1880 முதல் 1980 வரை நூறு வருஷத்துப் படங்களை அவர்கள் தேடினார்கள். அவற்றில் இருப்பவர்கள் ராஜாக்கள் அல்ல. மந்திரிகள் அல்ல. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியைப் போன்றவர்கள்.

கேமரா மலிந்த கதை

படம் எடுப்பது முன்பு லேசான காரியமாக இல்லை.

1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்துக்காகத் திருச்சி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் சுற்றிப் படம் எடுத்தார். பெரிய பெட்டிக் கேமரா, ரசாயனச் சரக்கு எல்லாவற்றையும் ஊர் ஊராகச் சுமந்து போக வேண்டியிருந்தது. ஒரு படத்துக்கு வெகு நேரம் கேமரா அசையாமல் இருக்க வேண்டும். எதிரே இருப்பதும் அசையக் கூடாது. அதனால் அவர் எடுத்த படங்களில் கோபுரங்களும் மண்டபங்களும் மலைக்கோட்டையும் தெளிவாக இருக்கின்றன. தெருவில் நடந்த சாதாரண ஜனங்களைக் காண்பது அரிது.

1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் கோடக் கேமராவைக் கொண்டு வந்தார். அதில் 100 படம் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படத்தைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900-ல் அதே கம்பெனி ஒரு டாலர் விலையில் பிரவுனி என்ற கேமராவை விற்றது. குழந்தைகள்கூடப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

1975-ல் அதே கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் என்ஜினீயர், பிலிம் இல்லாத கேமராவைச் செய்து காட்டினார். ஒரு படத்தைப் பதிவு செய்ய அதற்கு 23 வினாடி பிடித்தது. 2000-ல் ஜப்பானில் கேமரா வைத்த செல்போன் விற்பனைக்கு வந்தது. பிலிம் வியாபாரம் படுத்தது. 2012-ல் கோடக் கம்பெனியே திவால் மனுக் கொடுத்தது.

இன்று கேமரா சட்டைப்பையில் இருக்கிறது. பிலிம் செலவு இல்லை. கழுவும் செலவு இல்லை. ஒரு சுருளில் 36 படம்தான் என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே 360 படம் எடுக்கிறார்கள்.

படம் மலிந்தது நல்லதுதான். ஏழை வீட்டுப் பிள்ளையும் எடுக்க முடிகிறது. ஆனால் மலிந்ததும் கேமரா ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. எடுக்கிறவன் பக்கம்!

படம் சொல்லாத சங்கதி

படம் பொய் சொல்வதில்லை என்பார்கள். ஆனால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடும்.

ஊட்டியில் சிரித்த படம் வருகிறது. அந்தப் பயணத்துக்குச் சினேகிதனிடம் கடன் வாங்கியது படத்தில் இல்லை. பெரிய ஓட்டலில் சாப்பிடும் படம் வருகிறது. மாதக் கடைசியில் இரண்டு வேளை டீயும் பன்னும் தின்று காலம் தள்ளியது படத்தில் இல்லை. புதுச் செல்போனோடு படம் வருகிறது. அதற்கு மாதா மாதம் கட்டும் தவணை படத்தில் இல்லை.

வேலை போன பிள்ளை, அந்தச் செய்தியை மறைக்கப் பழைய கடற்கரைப் படத்தைப் போடுவதும் உண்டு. ஊரில் எல்லோரும் அவன் சுகமாக இருக்கிறான் என்று நினைப்பார்கள். கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஊரில் இருக்கும் தம்பி அந்தப் படங்களைப் பார்க்கிறான். "அண்ணன் ராஜா மாதிரி இருக்கிறான். நான் மட்டும் வெங்காயம் அறுத்துக்கொண்டு கிடக்கிறேன்" என்று நினைக்கிறான். அண்ணனோ, "தம்பி சொந்த வீட்டில் அம்மா கையால் சாப்பிடுகிறான். நான் மட்டும் இங்கே அல்லாடுகிறேன்" என்று நினைக்கிறான். அண்ணன் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பதைத் தம்பி பார்த்ததில்லை. தம்பி கூலி ஆள் கிடைக்காமல் தவிப்பதை அண்ணன் பார்த்ததில்லை.

இதற்கு மருந்து ஒன்றுதான். படம் அனுப்புகிற அன்றைக்கே போனில் பேசவும் வேண்டும். "சாப்பிட்டாயா?" என்று தாய் கேட்டால், "சாப்பிட்டேன்" என்பதோடு நிறுத்தக் கூடாது. நல்லது கெட்டது இரண்டையும் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைக்கு ஒரு நியாயமா?

செட்டிகுளத்துப் பெண்களும் பட்டணத்தில் வேலை பார்க்கிறார்கள். அவர்களும் விடுதியில் தங்குகிறார்கள். அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு. சினேகிதிகள் உண்டு.

பையன் கடற்கரையில் நிற்கிற படம் வந்தால், "என் மகன் மெரினாவில்!" என்று பத்துப் பேரிடம் காட்டுகிறார்கள். அதே இடத்தில் மகள் நிற்கிற படம் வந்தால், "யாரைக் கேட்டுப் போனாய்? யார் எடுத்தது?" என்று அதட்டுகிறார்கள்.

இது நியாயமா? சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறவள் கடல் பார்க்கக் கூடாதா? அதட்டினால் அவள் போவதை நிறுத்த மாட்டாள். சொல்வதைத்தான் நிறுத்துவாள். எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்று வீட்டுக்குத் தெரியாமல் போவதுதான் ஆபத்து.

பையன்களுக்கும் ஒரு வார்த்தை. கூட வந்த பெண் இருக்கும் படத்தை அவளைக் கேட்காமல் வெளியே போடக் கூடாது. படம் எடுத்தவன் நீயாக இருக்கலாம். முகம் அவளுடையது. ஒரு விளையாட்டுப் படத்தால் ஒரு பெண்ணின் படிப்பும் வேலையும் நின்று போகக் கூடாது.

உயிரைக் கேட்கும் படம்

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது உயிர் ஆபத்து.

2019 அக்டோபரில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை அருகே பாம்பாறு அணைக்கு ஒரு குடும்பம் போனது. அவர்களில் ஒருத்தி புதுமணப் பெண். எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீரில் நின்று செல்பி எடுத்தார்கள். ஒருவர் கால் இடறியது. மற்றவர்களும் சரிந்தார்கள். நாலு பேர் பிணமானார்கள். மணப்பெண்ணும் அதில் ஒருத்தி.

இது ஒரு இடத்துச் செய்தி அல்ல. பத்திரிகைகளில் வந்த செய்திகளைத் திரட்டி டெல்லி எய்ம்ஸ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். அது 2018-ல் வெளியானது. 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகத்தில் 259 பேர் செல்பி எடுக்கும்போது இறந்திருந்தார்கள். அவர்களில் 159 பேர் இந்தியாவில் இறந்தவர்கள்!

தண்ணீரில் மூழ்கியவர்கள் அதிகம். அடுத்தபடி ரெயில் முதலிய வாகனங்களில் அடிபட்டவர்கள். அதற்கு அடுத்தபடி உயரத்தில் இருந்து விழுந்தவர்கள். 20 முதல் 29 வயதுக்குள் இருந்தவர்களே அதிகம்.

செல்பி எடுக்கும்போது கண் போனைப் பார்க்கிறது. கால் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை. முதுகு ஆபத்தின் பக்கம் இருக்கிறது. பாறையில் பாசி இருப்பது தெரியாது. ரெயில் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதும் தெரியாது.

2016-ல் மும்பை போலீசார், செல்பி எடுக்கக் கூடாத இடங்கள் என்று பல இடங்களைக் குறித்தார்கள். தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது ரெயில்வே சட்டப்படி குற்றம். 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

சட்டத்துக்குப் பயந்து அல்ல. ஊரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாயை நினைத்துத் தள்ளி நிற்க வேண்டும்.

மாலை போடப் படம் இல்லை

இத்தனை படங்கள் எடுக்கிறார்கள். ஒரு பிள்ளையின் போனில் ஆயிரக் கணக்கில் படம் இருக்கிறது. அதில் தாயின் படம் எத்தனை?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிகிற நாள் ஒன்று உண்டு. அது துக்க நாள்.

வீட்டில் ஒரு பெரியவர் இறந்துவிடுகிறார். மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்குப் படம் வேண்டும். பத்திரிகையில் போடப் படம் வேண்டும். "அம்மா படம் யாரிடம் இருக்கிறது?" என்று எல்லோரும் தேடுகிறார்கள்.

மகன் தன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான். ஏற்காடு வருகிறது. மகாபலிபுரம் வருகிறது. பிரியாணி வருகிறது. அம்மா வரவில்லை. ஒரு கல்யாணப் படத்தில், ஓரத்தில், பாதி முகம் மறைந்து அம்மா நிற்கிறாள்.

கடைசியில் அலமாரியில் இருந்து அடையாள அட்டையை எடுக்கிறார்கள். அதில் கண்ணை அகல விழித்துக்கொண்டு, சிரிக்காமல், அம்மா இருக்கிறாள். அந்தத் தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே யாருடைய பட்டுச் சேலையையோ ஒட்டி, மாலை போடுகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இனி அதுதான் பாட்டி.

அந்த அம்மா வாழ்நாள் எல்லாம் சிரிக்காமல் இருந்தாளா? மகன் ஊருக்கு வந்தபோதெல்லாம் வாசலுக்கு ஓடி வந்து சிரித்தாளே! அப்போது அவன் கையில் கேமரா இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

கிராமத்து வீடுகள் பலவற்றில் இந்தக் கதை நடக்கிறது. தகப்பனார் படத்துக்கும் இதே கதிதான். பிள்ளைகளைக் குறை சொல்ல மட்டும் இதைச் சொல்லவில்லை. பெரியவர்களிடமும் பாதிக் குற்றம் இருக்கிறது. "எனக்கு எதற்கு இந்த வயதில் படம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று முன்பு ஒரு பயமும் இருந்தது. "சேலை அழுக்காக இருக்கிறது, அப்புறம் எடு" என்கிறார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

கப்பலில் பிறந்த எண்ணம்

கேமராவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்கு ஒரு தமிழரே உதாரணம். அவர் ஏ. கே. செட்டியார்.

செட்டிநாட்டில் கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர். இள வயதிலேயே ரங்கூனுக்குப் போய்ப் பத்திரிகை நடத்தினார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போட்டோக் கலை படித்தார். நாடு நாடாகச் சுற்றினார். பயணக் கட்டுரைகள் எழுதினார். இன்றைய வாலிபர்கள் ஆசைப்படும் வாழ்க்கை அது. கையில் கேமரா. காலடியில் உலகம்.

1937 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், அவர் அமெரிக்காவில் இருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். வயது 26 ஆகவில்லை. மகாத்மா காந்தியைப் பற்றிச் சினிமாப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கப்பலில் அவருக்குப் பிறந்தது.

எண்ணத்தோடு விட்டாரா? இல்லை. பல நாடுகளில் பலர் எடுத்து வைத்திருந்த காந்தி படச் சுருள்களைத் தேடி அலைந்தார். சுமார் ஒரு லட்சம் மைல் பயணம்! 1940-ல் படம் வெளியானது. காந்தியின் வாழ்க்கையை உண்மைக் காட்சிகளாகக் காட்டிய அந்தப் படத்தை ஒரு தமிழ் வாலிபர் செய்து முடித்தார். பிறகு 'குமரி மலர்' என்ற பத்திரிகையைப் பல வருஷம் நடத்தினார்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, அவர் ஒரு லட்சம் மைல் சுற்றினார், ஆனால் கேமராவைத் தாம் மதித்தவர் பக்கம் திருப்பினார். இரண்டு, அந்தச் சுருள்களை யாரோ எடுத்து, யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். வைத்திருந்ததால்தான் அவர் தேடியபோது கிடைத்தன.

எல்லோருக்கும் காந்தி கிடைக்க மாட்டார். ஆனால் எல்லோருக்கும் ஒரு அம்மா உண்டு. வெயிலில் நின்று படிக்க வைத்த அப்பா உண்டு.

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

"ஊரில் படம் எடுக்க என்ன இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

என்ன இல்லை?

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தியது. அந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கு அது சாட்சி. 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற நிலநூல் அறிஞர் அதை உலகுக்குச் சொன்னார். மாமல்லபுரத்துக் கடலைப் பார்க்க வரிசையில் நிற்கிற பிள்ளை, தன் மாவட்டத்தில் இருந்த கடலின் அடையாளத்தைப் பார்த்திருக்கிறானா?

சென்னை-திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. பஸ் ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் கட்டிய அந்தக் கோவிலை 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது. அதே மாவட்டத்தில் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. இமயமலைக்கு அப்பால் இருந்து வரித்தலை வாத்துகள் அங்கே குளிர்காலத்தில் வருகின்றன. 2024-ல் அது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டது.

அம்மாவை அங்கே அழைத்துப் போகலாமே! தான் பிறந்த மாவட்டத்துக் கோவிலை, கோட்டையை, பறவையைக்கூடப் பார்க்காத தாய்மார்கள் எத்தனை பேர்? அவர்கள் வீடு, வயல், சந்தை, ஆஸ்பத்திரி என்று ஓடியே பொழுதைக் கழித்தவர்கள். மகனுக்கு வருஷத்தில் பத்து உல்லாசப் பயணம். அதில் ஒன்று அம்மாவோடு இருக்கக் கூடாதா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

பெரிய செலவு இல்லை. பெரிய படிப்பும் வேண்டியதில்லை.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ ஊருக்கு வரும்போது, முதல் நாளே குடும்பத்தை ஒன்றாக உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். "அப்புறம்" என்று சொல்ல விடாதீர்கள்.

அம்மாவை வேலை செய்கிற இடத்திலும் எடுங்கள். வெங்காயம் அறுக்கும்போது, கோலம் போடும்போது, பேரனைக் கொஞ்சும்போது எடுங்கள். பட்டுச் சேலை வேண்டாம். அவர்களுக்குப் பிடித்த சேலை போதும். வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசல் பக்கம் உட்கார வையுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு வேறு எடுங்கள்.

வருஷத்துக்கு நாலு படமாவது தாளில் போட்டு வையுங்கள். போன் தண்ணீரில் விழும். திருட்டுப் போகும். பழுதாகும். அதோடு படமும் போய்விடும். தாளில் போட்ட படத்தின் பின்புறம் பெயர், உறவு, ஊர், வருஷம் நாலையும் எழுதுங்கள். வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய படங்கள் பலவற்றில் இருப்பது யார் என்று இன்று யாருக்கும் தெரியவில்லை. காரணம், ஒருவரும் பெயர் எழுதவில்லை.

வீட்டில் உள்ள பழைய ஸ்டூடியோப் படங்களையும் போனில் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். எடுக்கும்போதே பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது யார்? இது எந்த வருஷம்?" என்று கேட்கலாம். ஒரு படத்துக்கு ஒரு கதை வரும். இதுவரை கேட்காத கதையாக இருக்கும்.

"நேரம் இல்லை" என்று பிள்ளைகள் சொல்லலாம். ஒரு செல்பிக்குப் பத்துத் தடவை முகத்தைத் திருப்பிப் பார்க்க நேரம் இருக்கிறது. அதில் ஒரு தடவையை அம்மாவுக்குக் கொடுத்தால் போதும்.

"எனக்கு எதற்குப் படம்?" என்று பெரியவர்கள் சொல்லலாம். படம் அவர்களுக்காக அல்ல. இனிமேல் பிறக்கப் போகும் பேரன் பேத்திக்காக. "உன் கொள்ளுப்பாட்டி இப்படித்தான் சிரிப்பாள்" என்று காட்டுவதற்காக.

பட்டணத்துப் பிள்ளைகள் ஊர் சுற்றட்டும். சினேகிதர்களோடு சிரிக்கட்டும். ஆயிரம் படம் எடுக்கட்டும். அந்த ஆயிரத்தில் பத்துப் படமாவது அம்மா அப்பாவுடையதாக இருக்கட்டும்.

மாலை போடுவதற்காக அல்ல. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே சுவரில் மாட்டி, அவர்களே பார்த்துச் சந்தோஷப்படுவதற்காக!